சுமார்

பலி என்று அடிக்க மூன்று விசை போதும்
பாமினி எழுத்துருவில்.
செபமாலை அதைத் திரையைப் பார்க்காமலே அடிப்பான்.
நான் அரசடி வீதி அச்சகத்தில்
அவன் அடித்ததை ஒப்புநோக்குகிறவள்.
பத்து மணிக்கு மாவட்டப் பதிப்பு,
ஒன்றரைக்கு நகரப் பதிப்பு.
இரண்டுக்கும் இடையில்
செத்தவர்கள் கூடிவிடுவார்கள்.

துருக்கி, சிரியா.
முதலிரவு மூவாயிரத்துச் சொச்சம்.
எட்டுப் பத்தித் தலைப்பு, சிவப்பு மை.
மறுநாள் ஏழாயிரம், ஆறு பத்தி.
ஐம்பதாயிரத்தைத் தாண்டியபோது
ஏழாம் பக்கத்தில்
மின்தடை அறிவித்தலுக்குக் கீழே
ஒரு பத்தி கிடைத்தது.
தொகை ஏற ஏற எழுத்து இறங்கிற்று.
யாரையும் குற்றம் சொல்ல முடியாது,
பக்கம் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும்
அப்படித்தான் போடுகிறார்கள்.

எங்கள் மண் தானாக ஆடி நான் கண்டதில்லை.
சுண்ணக்கல். கிணறு வெட்டவே வெடி வைக்கவேண்டும்.
எங்களுக்கு நடுக்கம் மேலிருந்து வந்தது,
இரைந்துகொண்டு, வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு.
நிலத்துக்குள் இறங்கு என்று பழக்கினார்கள்.
நேபாளத்துச் செய்தியில்
வெளியே ஓடு என்றிருந்தது.
திருத்திக்கொண்டிருந்த எனக்கு
கதிரையில் இருந்தபடியே
கால் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.

பாம் என்று ஒரு நகரம், ஈரானில்.
அச்சுப்பிழை என்று வட்டம் போட்டேன்.
செபமாலைதான் அட்லஸ் எடுத்து வந்து
விரல் வைத்துக் காட்டினான்.
இடிந்தது மார்கழி இருபத்தாறு.

அடுத்த வருடம் அதே திகதி,
காலை ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்க,
சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடல்தரை கிழிந்தது.
உடுத்துறையில் ஒரு பிளேன்ரீகூடத் தளும்பவில்லை.
நத்தார்ப் பலகாரம் மிச்சம் இருந்தது.
வலை காய்ந்தது.
அவன் தங்கை பிரிசில்லா முற்றத்தில்
பதினொரு நாள் பிள்ளையைக் காலில் கிடத்தி
முழுக வார்த்தாள்.
ஞானஸ்நானம் தைக்கு என்று வைத்திருந்தார்கள்,
பெயரும் அன்றைக்குத்தான்.
நிலம் ஆடியதற்கும் தண்ணீர் வந்ததற்கும் இடையே
ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம்.
மருதங்கேணியிலிருந்து ஒருவர்
நடந்தே வந்து சொல்லியிருக்கலாம்.
அவருக்கும் தெரியாது.

கிராம சேவையாளரின் பட்டியலில்
அந்த வீட்டுக்கு எதிரே மூன்று என்றிருந்தது.
அட்டையில் உள்ளதைத்தானே அவர் எழுதமுடியும்.

ஹெய்ட்டிக்கு ஒரு இலட்சமா, மூன்று இலட்சமா,
இன்றுவரை தீர்க்கவில்லை.
சுமார் போடு என்றார் ஆசிரியர்.
செபமாலை கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தான்.
"சுமார் எண்டா,
அதுக்குள்ளை எத்தினை பேர் நிப்பினம்?"
ஆசிரியர் ஒலிக்காத தொலைபேசியை எடுத்துக்
காதில் வைத்துக்கொண்டார்.

போன மாதம் கறையான் ஏறிய கோவைகளைப்
பிரித்து வெயிலில் போடும்போது கண்டேன்.
காஷ்மீர்: நிறுவனம் அனுப்பியது ஏழில் முடிய
எங்கள் பக்கத்தில் எட்டு.
நேபாளம்: ஒன்று கூட.
துருக்கி: மூன்று இரவும்.
எல்லாத் தாளின் ஓரத்திலும்,
ஒப்புநோக்கியவர் என்ற இடத்தில்,
என் சுருக்கொப்பம்.

நேற்றிரவு வேறொரு நாடு, வேறொரு மலையடிவாரம்.
ஊரின் பெயருக்கு ரகரமா றகரமா என்று
தேநீர் ஆறும்வரை இருவரும் வாதாடினோம்.
பிறகு தாள் வந்தது.
மூலத்தில் 214.
பக்கத்தில் 215.

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.
'மீட்புப் பணி' என்பதில் விட்டுப்போன
ஒரு புள்ளியை மட்டும் வைத்தேன்.

ஒன்றரைக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது.
வழக்கம்போல் தரை அதிர்ந்தது.
என் கோப்பையில் வட்டம் வட்டமாக விரிந்தது.
செபமாலை தன் கோப்பையின் வாயை
உள்ளங்கையால் மூடிக்கொண்டு
மற்றக் கையால் அடுத்த செய்தியைத் திறந்தான்.